உலக இணைப்பாட்சி: நாடு கைவிட்ட ஆளுக்காக அங்கே யார் பேசுவது?

வெள்ளவத்தை_வாசகி

வணக்கம். நான் எழுதிவரும் நாவல் 2090களின் கொழும்பில் நடக்கிறது. அதில் ஓர் அரசியல் கொள்கை வருகிறது. அதைப் பின்பற்றுகிறவர்களை இணைப்பாட்சியர் என்று அழைக்கிறேன். கொள்கை என் கற்பனைதான், ஆனால் வாசிக்கிறவருக்கு இது நடக்கக்கூடிய காரியம் என்று பட வேண்டும். ஓட்டை எங்கே இருக்கிறது என்று தயங்காமல் சொல்லுங்கள்.

அவர்கள் கேட்பது இதுதான். நாடுகள் கலையத் தேவையில்லை. கொடி, மொழி, பள்ளிக்கூடம், பொலிஸ் எல்லாம் அந்தந்த நாட்டிடமே இருக்கும். ஒரு நாடு தனியாக நின்று தீர்க்க முடியாதவை மட்டும் பொதுச்சபைக்குப் போகும்: கடல், காற்று, தொற்றுநோய், அணு ஆயுதம், கடன் கட்ட முடியாமல் விழுந்த நாடுகளின் விவகாரம். சபையில் இரண்டு அவைகள். முதலாம் அவையில் நாட்டுக்கு ஒரு வாக்கு. இரண்டாம் அவையில் மக்கள் நேரடியாகத் தெரிவு செய்யும் உறுப்பினர்கள். எவருக்கும் வீட்டோ இல்லை. சபைக்குப் படையும் இல்லை. விலக விரும்பும் நாடு இரண்டு வருட அறிவித்தல் கொடுத்துவிட்டு விலகலாம்.

இது ஏன் என் மனதில் விழுந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். 2022 ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நாடு அறிவித்தது. எரிவாயு சிலிண்டர்களை வீதியில் வரிசையாக வைத்து, களவு போகாமல் ஒன்றோடொன்று சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டு மக்கள் காத்திருந்த மாதங்கள் அவை. அதன் பிறகு எங்கள் மின்கட்டணம், வரி எல்லாம் வோஷிங்டனில் பேசி முடிவான ஒரு திட்டத்தின்படி நகர்ந்தன. சர்வதேச நாணய நிதியத்தில் முக்கியமான தீர்மானங்களுக்கு 85 சதவீத வாக்கு வேண்டும். அமெரிக்காவிடம் 16 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது, ஆகவே அந்த ஒரு நாடு வேண்டாம் என்றால் வேண்டாம்தான். இலங்கையின் பங்கு ஒரு சதவீதத்தில் கால்வாசிகூட இல்லை. எங்கள் அடுப்பைப் பற்றிய முடிவில் எங்களுக்கும் ஒரு வாக்கு இருந்தால் எப்படி இருக்கும் என்ற கேள்வியில்தான் இந்த நாவல் தொடங்கியது.

மருதானை_நானா

நல்ல வேலை தங்கச்சி. உயர்தர வகுப்புக்கு அரசியல் விஞ்ஞானம் படிப்பித்தவன் நான். கொஞ்சம் நீளமாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த யோசனைக்கும் இந்த ஊருக்கும் பழைய தொடர்பு உண்டு. லெனார்ட் வுல்ஃப் 1904இல் இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணம், கண்டி, அம்பாந்தோட்டை என்று நிர்வாகம் பார்த்துவிட்டு 1911இல் திரும்பினார். நாடுகளுக்கு மேலே ஒரு பொது நிர்வாகம் எப்படி அமையலாம் என்று 1916இல் அவர் எழுதிய ஆய்வு, பிறகு ஐ.நா.வுக்கு முந்தைய உலக அமைப்பான சர்வதேச சங்கம் உருவானபோது பிரித்தானியத் தரப்பின் யோசனைகளுக்குக் கைகொடுத்தது. அதே மனிதர் 1938இல் தொழிற்கட்சிக்கு எழுதிய குறிப்பில், இலங்கைக்குச் சுவிஸ் மாதிரியில் சமஷ்டியை யோசித்துப் பார்க்கலாம் என்றார். உலகத்துக்கு ஒரு மருந்து, உள்ளூருக்கு வேறொரு மருந்து என்று அவர் பிரிக்கவில்லை. உங்கள் கதைக்கு இது உதவும்.

அடுத்தது, 1948இல் சுதந்திரம் கிடைத்த கையோடு ஐ.நா.வில் சேர விண்ணப்பித்தோம். சோவியத் ஒன்றியம் வீட்டோ போட்டுத் தடுத்தது. 1955 டிசம்பர் 14இல்தான் உள்ளே போனோம். வீட்டோ என்றால் என்ன என்று இந்த நாடு வாசலில் நின்றே தெரிந்துகொண்டது. 1971இல் இந்து சமுத்திரத்தைச் சமாதான வலயமாக அறிவிக்கும் தீர்மானத்தைக் கொண்டுபோனதும் இலங்கைதான். நம் இராஜதந்திரி ஷேர்லி அமரசிங்க 1980இல் இறக்கும்வரை கடற்சட்ட மாநாட்டுக்குத் தலைமை வகித்தார். ஆழ்கடல் அடித்தளம் மனிதகுலம் முழுவதற்கும் பொதுச் சொத்து என்ற கோட்பாடு அந்த மாநாடு முடித்த 1982 உடன்படிக்கையில் இருக்கிறது. கடலில் ஒரு துண்டு ஏற்கனவே நீங்கள் சொல்கிற மாதிரி எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது.

அதனால், ஐரோப்பாவிலிருந்து ஒரு மேதை வந்து கொழும்புக்காரருக்கு இதைச் சொல்லிக்கொடுப்பதாக மட்டும் எழுதிவிடாதீர்கள்.

கணக்கன்13

இரண்டாம் அவையில் ஆசனம் எப்படிப் பிரிப்பது என்று சொல்லவே இல்லையே. அங்கேதான் முதல் சண்டை வரும்.

உலகில் 800 கோடிப் பேர். 800 ஆசனம் வைத்தால் கோடிக்கு ஒன்று. எங்களுக்கு இரண்டு, இந்தியாவுக்கு 140க்கு மேல், சீனாவுக்கும் அவ்வளவு. மாலைதீவுக்கு ஒன்றுமே வராது. ஐரோப்பியப் பாராளுமன்றம் இதைச் சரிக்கட்டச் சிறிய நாட்டுக்குக் கூட்டிக் கொடுக்கிறது: 720 ஆசனத்தில் ஜேர்மனிக்கு 96, மோல்டாவுக்கு 6. ஆனால் அது பேரம் பேசி எடுத்த எண்ணிக்கை.

பென்றோஸ் என்ற பிரித்தானியர் 1946இலேயே ஒரு வழி சொன்னார். சனத்தொகையின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப வாக்கு கொடுக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. இந்தியாவின் சனத்தொகை எங்களுடையதைப் போல 65 மடங்கு. வர்க்கமூலம் எடுத்தால் வித்தியாசம் 8 மடங்காகக் குறைந்துவிடும். எங்களுக்கு 5 என்றால் அவர்களுக்கு 40. இரண்டு பக்கமும் முணுமுணுத்துக்கொண்டு ஏற்கக்கூடிய கணக்கு இதுதான் என்பது என் கருத்து.

ஆனால் அந்த 5 ஆசனமும் நாட்டுக்குள் யாருக்குப் போகும்? விகிதாசாரத்தில் நடத்தினால் ஓர் ஆசனத்தை உறுதியாகப் பிடிக்க ஆறில் ஒரு பங்கு வாக்கு வேண்டும். 2012 கணக்கெடுப்பின்படி இலங்கைத் தமிழர் 11 சதவீதம், முஸ்லிம்கள் 9, மலையகத் தமிழர் 4. தமிழ் பேசுகிற எல்லோரும் ஒரே பட்டியலில் நின்றால் ஒன்று உறுதி. பிரிந்து நின்றால் ஒன்றுமே இல்லாமல் போகலாம்.

கொச்சிக்கடைக்காரன்

ஆசனக் கணக்கு கிடக்கட்டும். உலக சபை என்ற பேச்சை எடுத்தாலே எனக்கு 2008 செப்டெம்பர்தான் ஞாபகம் வருகிறது. கிளிநொச்சி ஐ.நா. அலுவலகத்துக்கு முன்னால் எங்கள் சனம் போகாதீர்கள் என்று கெஞ்சிக்கொண்டு நின்றது. வாகனங்கள் போய்விட்டன. அடுத்த வருடம் மே மாதம்வரை என்ன நடந்தது என்று யாரும் எனக்கு விளக்கத் தேவையில்லை. 2012இல் ஐ.நா.வே ஓர் உள்ளக மீளாய்வுக் குழுவை வைத்து, தங்கள் அமைப்பு தவறிவிட்டது என்று அறிக்கை எழுதியது. அறிக்கை வந்தது, ஆட்கள் வரவில்லை.

தங்கச்சியின் சபைக்கும் படை இல்லை என்கிறீர்கள். அப்படியென்றால் அந்த நாளில் உங்கள் சபை என்ன செய்திருக்கும்? இதற்குப் பதில் இல்லாவிட்டால் கொள்கையை மூடிவைத்துவிடலாம்.

வெள்ளவத்தை_வாசகி

அண்ணன், அந்தக் கேள்விக்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை. மழுப்பவும் விரும்பவில்லை. கதைக்குள் அதே கேள்வியை ஒருவர் எழுந்து கேட்க வேண்டும். மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் பார்ப்போம்.

ஹட்டன்_மகள்

எங்கள் வீட்டில் ஒரு பழைய பிஸ்கட் தகரம் இருக்கிறது. அதற்குள் அம்மம்மாவின் பிரஜாவுரிமைச் சான்றிதழ். மடித்து மடித்து மடிப்பு கிழிந்து, பின்பக்கம் கடுதாசி ஒட்டி வைத்திருக்கிறார்கள். பதிவுப் பிரஜை என்று ஒரு வகை. வேலைக்கு, கடவுச்சீட்டுக்கு, பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க, எங்கே போனாலும் அந்தத் தாளைக் காட்ட வேண்டும். பக்கத்து ஊர்க்காரரிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

இதைச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. 1947 தேர்தலில் மலையக மக்கள் வாக்குப் போட்டார்கள், தங்கள் ஆட்களைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. தந்தை வழியில் முன்னோர் இங்கே பிறந்ததைக் காட்டச் சொன்னார்கள். தோட்டத்து லயத்தில் பிறந்தவர்களுக்கு எந்தப் பதிவு? அடுத்த வருடம் வாக்கும் போய்விட்டது. 1964 ஒக்டோபரில் நம் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று பிரித்தார்கள். அந்த மிச்சத்தை 1974இல் பாதிப் பாதியாகப் பங்கு போட்டார்கள். அந்தப் பத்து இலட்சத்துக்குக் கிட்டிய மக்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இங்கே எஞ்சியிருந்தவர்களின் பிரச்சினை சட்டத்தில் தீர 2003 வரை போனது.

இப்போது உங்கள் சபையை 1955இல் வைத்துப் பாருங்கள். முதலாம் அவையில் இலங்கைக்கு ஒரு வாக்கு, அதை இலங்கை அரசு போடும். இரண்டாம் அவைக்கு மக்கள் நேரடியாக வாக்களிப்பார்கள் என்கிறீர்கள். எந்த மக்கள்? வாக்காளர் இடாப்பில் பெயர் உள்ளவர்கள். இடாப்பை யார் எழுதுகிறார்கள்? அதே அரசு. அப்போது அம்மம்மாவின் பெயர் இரண்டு அவைக்கும் வெளியேதான் நிற்கிறது. இரண்டு அவையும் அரசுகளின் அவைதான் தங்கச்சி. ஒன்றுக்கு மட்டும் மக்கள் என்று பெயர் வைத்திருக்கிறீர்கள்.

அதனால் சபைக்குச் சொந்தமாக ஒரு வாக்காளர் பதிவேடு வேண்டும். இன்ன நாட்டுப் பிரஜை என்ற தாளைக் கேட்காத பதிவேடு. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

கணக்கன்13

அக்கா சொன்னதுதான் சரி. இது பழங்கதையும் இல்லை. மியன்மாரில் 2010 தேர்தலில் வெள்ளை அட்டை என்ற தற்காலிக அடையாள அட்டை வைத்திருந்த ரோஹிஞ்சாக்கள் வாக்களித்தார்கள். 2015இல் அட்டையை ரத்துச் செய்தார்கள், வாக்கும் போனது. அசாமில் 2019 ஓகஸ்ட் 31இல் வெளியிட்ட குடிமக்கள் பதிவேட்டில் 19 இலட்சம் பேரின் பெயர் இல்லை. ஒரே வீட்டில் அண்ணனின் பெயர் இருக்கிறது, தம்பியின் பெயர் இல்லை.

அவ்வளவு பெரிய இடாப்பை எப்படிப் பேணுவது என்று கேட்பவர்களுக்கு: இந்தியாவில் 2024இல் 64 கோடிப் பேர் வாக்களித்தார்கள். வேலை பெரியதுதான், ஆனால் மனிதரால் செய்யக்கூடியது.

புதுக்கடைச்_சட்டத்தரணி

ஒரு சட்டக் குறிப்போடு தொடங்குகிறேன், ஏனென்றால் இந்தத் தலைப்பைக் கண்டதும் சிலருக்குப் பிரிவினை கேட்பதைத் தடை செய்த 1983இன் ஆறாம் திருத்தம் ஞாபகம் வரும். ஒரே நாட்டுக்குள் சமஷ்டி கேட்பது பிரிவினை ஆகாது என்று உயர் நீதிமன்றம் 2017 ஓகஸ்டில் தீர்ப்பளித்துவிட்டது. நாடுகள் சேர்ந்து ஒரு சபை அமைப்பதைப் பற்றி நாவல் எழுதத் தடையேதும் இல்லை. நிம்மதியாக எழுதுங்கள்.

இனி விஷயத்துக்கு வருவோம். பதிவேடு மட்டும் போதாது, வழக்காட ஒரு மன்றமும் வேண்டும். இப்போதைய சர்வதேச நீதிமன்றத்தில் நாடுகள் மட்டும்தான் வழக்காட முடியும். அதன் யாப்பின் 34ஆம் உறுப்புரை அப்படிச் சொல்கிறது. நம் வீரமந்திரி 1991 முதல் 2000 வரை அங்கே நீதிபதியாக இருந்தார். அணு ஆயுதம் எந்தச் சூழ்நிலையிலும் சட்டவிரோதம் என்று 1996இல் பெரும்பான்மைக்கு மாறாகத் தன் கருத்தை எழுதியவர் அவர். ஆனால் புறக்கோட்டையில் மூட்டை சுமக்கிற ஒருவர் தன் வழக்கோடு அவர் முன்னால் போய் நின்றிருக்கவே முடியாது.

தனிமனிதருக்கான ஒரு வழியை இலங்கை 1997இல் திறந்தது. ஐ.நா. மனித உரிமைக் குழுவிடம் எவரும் முறையிடலாம் என்று ஒப்பமிட்டோம். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ், ஒப்புதல் வாக்குமூலத்தை வைத்துத் தண்டிக்கப்பட்ட ஒரு தமிழ்க் கைதி முறையிட்டார். அவருக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று 2004இல் குழு சொன்னது. அதை வைத்து அவர் கொழும்பில் உயர் நீதிமன்றத்துக்கு வந்தபோது, அந்த ஒப்பமே அரசியலமைப்புக்கு முரணானது, நாட்டின் நீதி அதிகாரத்தை வெளியாருக்குக் கொடுக்க ஜனாதிபதியால் முடியாது என்று 2006இல் தீர்ப்பு வந்தது. புதுக்கடை நீதிமன்றங்களில் நாங்கள் இன்றும் பேசுகிற தீர்ப்பு அது.

ஐரோப்பாவில் இதைச் சரியாகச் செய்திருக்கிறார்கள். 1998 முதல், தன் நாட்டு அரசுக்கு எதிராக எவரும் நேரடியாக மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போகலாம். 46 நாடுகள் அதற்குள் இருக்கின்றன. முழுக்க ஒழுங்காக நடக்கிறது என்று சொல்லமாட்டேன். ஆனாலும் தோற்ற அரசுகள் நட்டஈடு கட்டுகின்றன, சட்டத்தைத் திருத்துகின்றன. ஆகவே உங்கள் சாசனத்தில் சேரும் நாடு முதலில் தன் அரசியலமைப்பைத் திருத்தி, சபையின் நீதிமன்றத்தை ஏற்ற பிறகுதான் உள்ளே வரலாம் என்று எழுதுங்கள். வெறும் ஒப்பம் போதாது.

இன்னொன்று. நாடு விலகலாம் என்கிறீர்கள். சரி, விலகட்டும். அன்றைக்கு அங்கே முறைப்பாட்டோடு நிற்கிறவரின் கதி? அரசு வெளியேறினாலும் ஆள் வெளியேறவில்லை என்று எழுத வேண்டும்.

மட்டுறுத்துநர்

நல்ல இழை. 2009 பற்றித் தனி இழைகள் இருக்கின்றன, யார் சரி யார் பிழை என்ற வாதத்தை அங்கே வைத்துக்கொள்ளுங்கள். கொச்சிக்கடைக்காரன் கேட்ட கேள்வி இந்தத் தலைப்புக்கு உரியது, அது இருக்கட்டும்.

துறைமுகத்_தம்பி

நான் வாஃப் கிளார்க், துறைமுகத்தில் சரக்கு விடுவிக்கிற வேலை. கப்பல் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன்.

2021 மே 20இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் கொழும்புக்கு வெளியே நங்கூரமிட்டிருந்தபடியே தீப்பிடித்தது. ஜூன் 2இல் மூழ்கத் தொடங்கியது. சிங்கப்பூர்க் கொடி. நைத்திரிக் அமிலக் கொள்கலன் ஒன்று அதற்கு முன்பே கசிந்துகொண்டிருந்தது. கட்டாரிலும் இந்தியாவிலும் இறக்கக் கேட்டார்கள், இரண்டு துறைமுகமும் முடியாது என்றன. கடைசியில் வெடித்தது எங்கள் கடலில். பமுனுகமப் பக்கம் கரைக்குப் போனேன். சவ்வரிசி கொட்டியது மாதிரி வெள்ளை வெள்ளையாகப் பிளாஸ்டிக் உருண்டைகள், கையை மணலுக்குள் விட்டால் முழங்கைவரை அதுதான். மீன்பிடிக்கிற சனம் மாதக்கணக்கில் கடலுக்குப் போகவில்லை.

நட்டஈடு? கப்பல் உரிமையாளரின் பொறுப்புக்கு உச்சவரம்பு உண்டு, 1 கோடி 90 இலட்சம் பவுண் அளவில் என்று லண்டன் நீதிமன்றம் 2023இல் சொன்னது. 100 கோடி டொலர் கட்டச் சொல்லி எங்கள் உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் தீர்ப்புக் கொடுத்தது. கொடி ஒரு நாடு, காப்புறுதி இன்னொரு நாடு, நீதிமன்றம் வேறொரு நாடு. குப்பை மட்டும் எங்களுக்கு. உலக சபை வேண்டும் என்றால் அதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியாது.

சபைக்குக் காசு எங்கிருந்து வரும் என்று யாரும் கேட்கவில்லை. கப்பல் எண்ணெயில் ஒரு சிறு வரி போடுங்கள். எந்தக் கப்பலும் எங்கேயாவது எண்ணெய் அடித்தே ஆக வேண்டும்.

மருதானை_நானா

தம்பி காசைத் தொட்டது நல்லது. இப்படிப்பட்ட இணைப்புகள் பெரும்பாலும் காசில்தான் உடைந்தன. அமெரிக்காவின் 13 மாநிலங்களும் 1781இல் இப்படி ஒரு தளர்ந்த இணைப்பாகத்தான் இருந்தன. மத்திய சபைக்கு வரி விதிக்கும் அதிகாரம் இல்லை, மாநிலங்களிடம் கேட்டு வாங்க வேண்டும். இறக்குமதிக்கு 5 சதவீதத் தீர்வை கேட்டார்கள், 13 மாநிலமும் ஒப்ப வேண்டும் என்பது விதி. 1782இல் ரோட் ஐலண்ட் என்ற துக்கடா மாநிலம் ஒன்று மறுத்தது, எல்லாம் நின்றது. பத்து வருடம் தாண்டவில்லை, அந்த யாப்பையே தூக்கி வைத்துவிட்டு இப்போதைய யாப்புக்குப் போனார்கள். ஒருவர் மறுத்தால் எல்லாம் நிற்கும் என்ற விதி உங்கள் சாசனத்தில் எந்த மூலையிலும் இருக்கக்கூடாது.

கப்பல் எண்ணெய் வரி சும்மா கிடைக்காது. கப்பல்கள் வெளியிடும் கரியமில வாயுவுக்குக் கட்டணம் வைக்கும் திட்டம் 2025 ஒக்டோபரில் சர்வதேசக் கடல்சார் அமைப்பில் வந்தது. அமெரிக்கா கடுமையாக எதிர்த்தது, ஓராண்டு தள்ளிப்போட்டார்கள். ஆனால் பிரான்ஸ் 2006இல் விமானப் பயணச்சீட்டில் ஒரு சிறு தொகை சேர்த்து, அந்தக் காசை ஏழை நாடுகளுக்கான மருந்துக்கு அனுப்பியது. வேறு சில நாடுகளும் சேர்ந்துகொண்டன. தொடங்க எல்லோரும் வரத் தேவையில்லை.

கொச்சிக்கடைக்காரன்

எல்லாம் கேட்டேன். பதிவேடு இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது, காசும் இருக்கிறது. ஒரு நாடு பதிவு மேசையை உள்ளே விடமாட்டேன் என்றால்? என் கேள்வி இன்னும் அங்கேயே நிற்கிறது.

புதுக்கடைச்_சட்டத்தரணி

படை இல்லாமலும் பிடி வைக்கலாம். கடனை எடுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் விழுந்ததும் 2022 ஜூனில் ஒரு தனியார் வங்கி தன் கடன்பத்திரங்களை வைத்து நியூயோர்க்கில் இலங்கைமீது வழக்குப் போட்டது. நாடுகளுக்கு வங்குரோத்துச் சட்டம் என்று ஒன்று இல்லை. அப்படி ஒன்றை நாணய நிதியமே கொண்டுவரப் பார்த்தது, 2003இல் கைவிட்டார்கள். உங்கள் சபை அந்தப் பாதுகாப்பைக் கொடுக்கட்டும். பதிவேட்டைத் திறந்து வைத்திருக்கும் நாட்டுக்கு மட்டும். மூடினால் பாதுகாப்பு இல்லை. மனித உரிமை நிபந்தனையோடு வரும் ஜீஎஸ்பி பிளஸ் வரிச்சலுகையை ஐரோப்பா 2010இல் நிறுத்தி 2017இல் திருப்பிக் கொடுத்தது இதே மாதிரித்தான்.

ஹட்டன்_மகள்

சேர், மரியாதையோடு மறுக்கிறேன். ஜீஎஸ்பி போனபோது யாருக்கு அடி விழுந்தது? கட்டுநாயக்க ஆடைத் தொழிற்சாலைகளில் நிற்கிறவர்கள் யார்? எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளும் கிராமத்துச் சிங்களப் பிள்ளைகளும். முடிவெடுத்தவர்கள் ஒருநாள் சாப்பாட்டைத் தவறவிட்டார்களா? வாக்கைப் பறிகொடுத்த சனத்தின் சோற்றையும் சேர்த்துப் பிடித்து வைப்பதா தண்டனை? கடன் பாதுகாப்பை நிறுத்தினால் மறுபடி வரிசையில் நிற்பதும் நாங்கள்தான்.

தண்டனை அரசின்மீது விழட்டும். பதிவை மறிக்கிற அரசின் வாக்கை முதலாம் அவையில் பிடுங்குங்கள். அந்த நாட்டு மக்களின் ஆசனம் இரண்டாம் அவையில் அப்படியே இருக்க வேண்டும். உள்ளே தேர்தல் நடத்த முடியாவிட்டால், வெளியே இருக்கிற அகதிகளும் வேலைக்குப் போனவர்களும் வாக்களித்து நிரப்பட்டும்.

புதுக்கடைச்_சட்டத்தரணி

இது நான் சொன்னதைவிட நல்ல ஏற்பாடு, முன்மாதிரியும் இருக்கிறது. ஐ.நா. சாசனத்தின் 19ஆம் உறுப்புரைப்படி இரண்டு வருடச் சந்தாவுக்குச் சமமான நிலுவை வைத்த நாடு பொதுச்சபையில் வாக்கை இழக்கும். நிறவெறி ஆட்சி நடத்திய தென்னாபிரிக்காவின் தூதுக்குழுவைப் பொதுச்சபை 1974இல் பங்கேற்க விடவில்லை. பாதுகாப்புச் சபையில் அதை வெளியேற்றும் முயற்சி மூன்று வீட்டோவில் விழுந்த பிறகு நடந்தது இது. அரசுக்கு நாற்காலி மறுப்பது வெறும் சடங்கு என்று நினைக்காதீர்கள். தங்கள் நாற்காலிக்காக அரசுகள் எவ்வளவு பாடுபடும் என்று ஜெனீவாவில் மனித உரிமைப் பேரவையின் ஒவ்வொரு அமர்விலும் பார்க்கிறோம்.

வெள்ளவத்தை_வாசகி

இரண்டு நாளாக எழுதி அடித்து எழுதினேன். சாசனத்தில் முதலாம் பிரிவாகவே இதை வைக்கிறேன்:

"வாக்காளர் பதிவேடு சபைக்கு உரியது. ஒருவர் வாழும் இடமே அவரது தகுதி. எந்த நாட்டின் பிரஜை என்று கேட்கப்படாது. எந்த அரசும் பதிவேட்டிலிருந்து ஒரு பெயரையும் நீக்க முடியாது. பதிவேட்டில் உள்ள எவரும் எந்த அரசுக்கும் எதிராகச் சபையின் நீதிமன்றத்துக்கு வரலாம். ஓர் அரசு விலகினாலும் அங்கே வாழ்பவர்களின் பெயர் விலகாது. பதிவை மறிக்கும் அரசு முதலாம் அவையில் வாக்கை இழக்கும். அதன் மக்கள் இரண்டாம் அவையில் எதையும் இழக்கமாட்டார்கள்."

முதலில் ஆசனத்துக்கு வர்க்கமூலம், காசுக்குக் கப்பல் எண்ணெய் வரி, பிறகுதான் கடன் என்று மற்றப் பிரிவுகள் வரும். விலகும் உரிமையும் இருக்கும். கதையில் பதிவு மேசையைப் புறக்கோட்டை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் வைக்கிறேன். யாழ்ப்பாணத்து பஸ்ஸும் ஹட்டன் பஸ்ஸும் அம்பாந்தோட்டை பஸ்ஸும் வந்து நிற்கிற இடம். வரிசையில் முதல் ஆளாக ஒரு சிங்களக் கடற்றொழிலாளியை நிறுத்துகிறேன், துறைமுகத்_தம்பி சொன்ன கரையிலிருந்து வந்தவர்.

கொச்சிக்கடை அண்ணன், உங்கள் கேள்விக்கு இது முழுப் பதில் ஆகாது என்று எனக்குத் தெரியும்.

கொச்சிக்கடைக்காரன்

முழுப் பதில் இல்லைதான். பீரங்கியைப் பதிவேடு நிறுத்தாது. ஆனால் நேற்றிரவு ஒன்றை யோசித்துக்கொண்டிருந்தேன்.

2009 தொடக்கத்தில் வன்னிக்குள் 70,000 பேரளவில்தான் இருக்கிறார்கள் என்று அரசு சொன்னது. அந்தக் கணக்கை வைத்துத்தான் சாப்பாடும் மருந்தும் அனுப்பினார்கள். முடிவில் உயிரோடு முகாம்களுக்கு வந்தவர்கள் மட்டும் இரண்டரை இலட்சத்துக்கும் மேல். உள்ளே எத்தனை பேர் இருந்தார்கள், எத்தனை பேர் வரவில்லை என்று இன்றைக்கும் சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறோம். அரசு தொட முடியாத ஒரு பதிவேடு அன்றைக்கு இருந்திருந்தால், 70,000 என்று எவரும் சொல்லியிருக்க முடியாது. ஒவ்வொரு பெயரும் ஏதோ ஓர் இடத்தில் எழுதியிருக்கும். சாப்பாட்டுக் கப்பலின் கணக்காவது சரியாக வந்திருக்கும்.

அதற்காகவாவது இந்தப் பிரிவை வைத்திருங்கள் தங்கச்சி. ஒரு வசனம் சேர்க்க வேண்டும்: பதிவேட்டின் ஒரு பிரதி எப்போதும் நாட்டுக்கு வெளியே இருக்க வேண்டும்.

கணக்கன்13

ஒன்று போதாது. மூன்று நாடுகளில் மூன்று பிரதி, வருடத்துக்கு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

ஹட்டன்_மகள்

இன்னொன்றும் சேருங்கள். அந்த மேசையில் பிறப்புச் சான்றிதழ் கேட்கக்கூடாது. எங்கள் பக்கத்தில் பல முதியவர்களிடம் இருப்பது உத்தேச வயதுச் சான்றிதழ்தான், சிலரிடம் அதுவும் கிடையாது. பக்கத்து லயத்தில் இருக்கிற இரண்டு பேர் வந்து, இவரைத் தெரியும், இங்கேதான் இருக்கிறார் என்று சொன்னால் பெயரை எழுத வேண்டும். பொய் என்று யாராவது நினைத்தால் நிரூபிக்கிற வேலை அவர்களுடையது. அந்த மேசையில் தமிழும் சிங்களமும் தெரிந்த ஒருவர் எப்போதும் உட்கார்ந்திருக்க வேண்டும்.

வெள்ளவத்தை_வாசகி

மூன்றையும் சேர்த்துவிட்டேன் அக்கா. அத்தியாயம் முடிந்ததும் இங்கேயே போடுகிறேன்.